மே மாதத்தில் மட்டும் நூறு கலோரி எங்கிருந்து வந்தது?

கேட்டவர் சத்துவாச்சாரிக்காரர், ராணிப்பேட்டையில் வேலை. வயது 42, எடை 78 கிலோ. தினமும் மாலை ஆறு மணிக்கு வேலூர் கோட்டைப் பக்கம் 50 நிமிடத்தில் 5 கிலோமீட்டர் நடக்கிறார். ஜனவரியில் அவருடைய சராசரி இதயத்துடிப்பு 102. வாட்ச் 390 கலோரி காட்டியது. மே மாதம் அதே தூரம், அதே நேரம், துடிப்பு 116. வாட்ச் 505 காட்டுகிறது. சந்தேகப்பட்டு மார்பில் கட்டும் ஸ்ட்ராப் ஒன்று வாங்கினார். அதுவும் 500-ஐ ஒட்டியே சொல்கிறது. ஏசி ஜிம்மில் அதே வேகத்தில் டிரெட்மில்லில் நடந்தால் 265-தான் வருகிறது. "கோடையில் நடந்தால் கொழுப்பு அதிகம் கரைகிறதா? எதை நம்புவது? ஸ்ட்ராப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

தம்பி, மூன்றில் உண்மைக்குக் கிட்டத்தில் இருப்பது நீங்கள் நம்பாத டிரெட்மில்தான். உங்கள் இதயத்தைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. இந்தக் கணக்கில் அது தெரியாமல் இருந்ததே அதற்கு நல்லதாகப் போயிற்று.

வாட்சும் ஸ்ட்ராப்பும் ஒரே பதிலைச் சொல்வதால் அந்தப் பதில் சரியாகிவிடாது. இரண்டும் ஒரே ஆளிடம் விசாரித்துவிட்டு வந்து சொல்கின்றன. அந்த ஆள் உங்கள் இதயம். எத்தனை முறை துடித்தேன் என்று அது சரியாகச் சொல்லும். எவ்வளவு எரிந்தது என்பது அதற்கே தெரியாது.

நான் பல வருடம் உடற்பயிற்சி ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தவன். அங்கே ஒருவர் எவ்வளவு கலோரி செலவழிக்கிறார் என்று பார்க்க இதயத்தை நம்புவதில்லை, மூச்சைப் பிடிப்போம். ரப்பர் முகமூடியை மூக்கும் வாயும் மூடும்படி மாட்டி, பட்டையை இறுக்கி, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று புறங்கையை வைத்துப் பார்ப்போம். அடர்த்தியாக மீசை தாடி வைத்தவர் வந்தால் அன்றைக்குப் பாடுதான், எப்படி இறுக்கினாலும் எங்கேயோ கசியும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.93 சதவீதம். உழைத்துக்கொண்டிருப்பவர் விடும் மூச்சில் அது 16, 17 சதவீதமாக இறங்கியிருக்கும். எவ்வளவு காற்று போய்வந்தது, அதில் எவ்வளவு ஆக்சிஜன் காணாமல் போனது என்று கருவி மூச்சுக்கு மூச்சு கணக்குப் போடும். உடம்பு ஒரு லிட்டர் ஆக்சிஜனைச் செலவழித்தால் ஏறத்தாழ 5 கலோரி எரிந்ததாக அர்த்தம். (புத்தகத்தில் கிலோ கலோரி என்று இருக்கும். நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது அதைத்தான்.) எரிவது மாவுச்சத்தா கொழுப்பா என்பதைப் பொறுத்து இந்த ஐந்து லேசாக முன்னே பின்னே போகும், அவ்வளவுதான்.

ஆக, கலோரிக் கணக்கு என்பது ஆக்சிஜன் கணக்கு. வாட்ச் அந்த ஆக்சிஜனைப் பார்ப்பதே இல்லை. துடிப்பைப் பார்த்து, இவ்வளவு துடித்தால் இவ்வளவு ஆக்சிஜன் போயிருக்கும் என்று ஊகிக்கிறது.

அந்த ஊகத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை 1870-லேயே அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானிய உடலியலாளர் சொன்ன விதியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் மூன்று விஷயங்களின் பெருக்கல்: நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு, ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம், அந்த ரத்தத்திலிருந்து உடம்பு உறிஞ்சிய ஆக்சிஜன் எவ்வளவு. நம் ஊர்க் கோடையை வைத்தே சொல்கிறேன். தெருவுக்குத் தண்ணீர் லாரி எத்தனை நடை வந்தது என்று மட்டும் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து எண்ணுகிறார். லாரி முழுசாக வந்ததா பாதி வந்ததா, வந்ததில் குடங்களில் இறங்கியது எவ்வளவு, இதெல்லாம் அவருக்குத் தெரியாது. நடையை வைத்தே தெருவுக்குக் கிடைத்த தண்ணீரைச் சொல்லிவிடுகிறார். உங்கள் கையில் கட்டியிருப்பது அந்தத் திண்ணைக்காரரைத்தான்.

இப்போது உங்கள் மே மாதத்துக்கு வருவோம். கோட்டைச் சுவர் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, மாலை ஆறு மணிக்கு அதைத் திருப்பித் தருகிறது என்பது அங்கே நடப்பவர்களுக்குத் தெரியும். கருங்கல் பக்கம் போனால் முகத்தில் அனல் அடிக்கும். அந்தச் சூட்டில் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள ரத்தத்தில் ஒரு பங்கைத் தோலுக்குத் திருப்பி விடுகிறது. வியர்த்து வியர்த்து ரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைவதால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளுவதும் குறைகிறது. அதை ஈடுகட்ட இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கிறது. லாரி பாதி நிரம்பி வருகிறது, அதிலும் கொஞ்சம் வேறு தெருவுக்குப் போகிறது, அதனால் நடை கூடிவிட்டது. கால் தசைகள் கேட்கும் ஆக்சிஜனோ ஜனவரியில் கேட்டதேதான். உடம்பைக் குளிர்விக்கும் வேலைக்கும் கொஞ்சம் ஆற்றல் செலவாகும் என்றாலும் அது சில்லறை, நூறு கலோரியெல்லாம் அதில் வராது. நடக்க நடக்க, வேகம் மாறாமலே, துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போவதை உடலியலில் இதயத்துடிப்பு நகர்வு என்பார்கள். உங்கள் வாட்சில் மே மாத வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பத்தாவது நிமிடத்துக்கும் நாற்பத்தைந்தாவது நிமிடத்துக்கும் இடையில் கோடு மெதுவாக மேலே சாய்ந்திருக்கும்.

அந்த 14 துடிப்பு எப்படி நூறு கலோரி ஆயிற்று என்றும் காட்டிவிடுகிறேன். கம்பெனிகள் தங்கள் சூத்திரத்தை வெளியே சொல்வதில்லை, அதனால் உங்கள் வாட்ச் இதையேதான் போடுகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2005-ல் தென்னாப்பிரிக்காவில், தவறாமல் உடற்பயிற்சி செய்யும் 115 பேரை முகமூடி மாட்டி அளந்து ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். இணையத்தில் கிடைக்கும் பல கலோரிக் கணிப்பான்களுக்குள் இருப்பது அதுதான். ஆண்களுக்கு அது இப்படி: துடிப்பை 0.6309-ஆலும், எடையை 0.1988-ஆலும், வயதை 0.2017-ஆலும் பெருக்கிக் கூட்டி, அதில் 55.0969-ஐக் கழித்தால் நிமிடத்துக்கு எத்தனை கிலோஜூல் என்று வரும். 4.184-ஆல் வகுத்தால் கலோரி.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். துடிப்பு 102 என்றால் நிமிடத்துக்கு 7.94 கலோரி, 50 நிமிடத்துக்கு 397. துடிப்பு 116 என்றால் நிமிடத்துக்கு 10.05, 50 நிமிடத்துக்கு 503. வாட்ச் காட்டிய 390, 505 இரண்டுக்கும் பக்கத்தில் வந்து நிற்கிறது பாருங்கள். ஒரு துடிப்பு கூடினால் நிமிடத்துக்கு 0.15 கலோரி ஏறும். 14 துடிப்பு, 50 நிமிடம், 105 கலோரி. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: அந்த நூறு கலோரியில் கொழுப்பு எதுவும் கரையவில்லை, வெயில்தான் சூத்திரத்துக்குள் புகுந்துவிட்டது.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜனவரிக் கணக்கும் சரியில்லை. மணிக்கு 6 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 100 மீட்டர். சமதரையில் நடப்பதற்கு ஏசிஎஸ்எம் என்ற அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்பு தரும் சூத்திரப்படி, அந்த வேகத்துக்கு ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 13.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வேண்டும். 78 கிலோவுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். 50 நிமிடத்துக்கு 263 கலோரி. டிரெட்மில் காட்டிய 265 இந்த வழியில் வந்ததாகத்தான் இருக்கும். அதற்கு உங்கள் வேகம் தெரியும், சரிவு தெரியும், எடையை நீங்கள் தட்டிவிட்டிருப்பீர்கள். இந்தச் சூத்திரம் வேக நடையில் கொஞ்சம் குறைத்துச் சொல்லும். கல் பாவிய தரை, வளைவு, ஏற்ற இறக்கம் எல்லாம் சேர்த்துத் தாராளமாக 300 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தாலும் 390 அதிகம், 505 மிக அதிகம்.

ஜனவரியில் வெயில் இல்லையே, அப்போது ஏன் பிசகியது? சூத்திரம் யாரை வைத்துச் செய்யப்பட்டது என்று மறுபடி பாருங்கள். தவறாமல் உடற்பயிற்சி செய்பவர்கள். அவர்களுடைய இதயம் ஒரு துடிப்பில் நிறைய ரத்தம் தள்ளும். எங்கள் ஆய்வகத்தில் ஒரே வயதுக்காரர் இருவரை அடுத்தடுத்து ஏற்றியிருக்கிறேன், இருவருக்கும் துடிப்பு 120. ஒருவர் நீண்ட தூரம் ஓடுபவர். அவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் ஆக்சிஜன் எடுத்துக்கொண்டு, முகமூடிக்குள்ளேயே ஏதோ பேச முயன்றுகொண்டிருந்தார். மற்றவர் கடையில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர். அவர் எடுத்தது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல், அதற்கே கைப்பிடியைத் தேடினார். திண்ணைக்காரர் கண்ணுக்கு இருவரும் ஒன்று. உங்கள் 102-ஐப் பார்த்ததும் சூத்திரம் உங்களை அந்த ஓட்டக்காரர் பக்கம் சேர்த்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள், நடக்கத் தொடங்கிச் சில மாதங்கள்தானே ஆகின்றன.

இதிலிருந்து ஒரு வேடிக்கையும் வரும். உங்கள் உடம்பு தேறத் தேற, அதே நடைக்குத் துடிப்பு குறையும். வாட்ச் கலோரியையும் குறைத்துக் காட்டும். நன்றாகப் பயிற்சி எடுத்தவருக்குத் தண்டனை மாதிரி! எடை மாறாதவரை, 5 கிலோமீட்டர் நடக்க ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை.

உங்கள் வாட்ச் மட்டமானதோ என்று நினைக்க வேண்டாம். 2017-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மணிக்கட்டில் கட்டும் 7 கருவிகளை 60 பேரிடம் சோதித்தார்கள். துடிப்பு எண்ணுவதில் ஏழில் ஆறு, 5 சதவீதப் பிழைக்குள் இருந்தன. கலோரியில் ஒன்றுகூட 20 சதவீதத்துக்குள் வரவில்லை. இருப்பதிலேயே நல்லதன் சராசரிப் பிழை 27 சதவீதம், மோசமானதற்கு 93. ஒரே கருவி, ஒரே ஆள், ஒரே நிமிடம்; துடிப்பு சரி, கலோரி தப்பு. அளவை நன்றாகத்தான் எடுக்கிறது, அதற்குப் பிறகு வரும் ஊகத்தில்தான் கோளாறு. இதற்கப்புறம் கருவிகள் மேம்பட்டிருக்கின்றன. ஆனால் எத்தனை மேம்பட்டாலும் ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம் என்பதை மணிக்கட்டில் பச்சை விளக்கு அடித்துப் பார்க்கும் கருவி நேரடியாக அறிய வழியில்லை.

அந்தப் பச்சை விளக்கு பற்றியும் கொஞ்சம். வாட்ச் தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் ஏறி இறங்குவதால் திரும்பி வரும் ஒளி மாறுவதைப் பார்க்கிறது. பட்டை தளர்ந்திருந்தாலோ, அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தாலோ தடுமாறும். கருத்த தோலில் பிழை கூடுவதை அந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்விலேயே பார்த்தார்கள். ஓடும்போது காலடியின் தாளத்தையே துடிப்பு என்று பிடித்துக்கொள்ளும் கோளாறும் உண்டு. மெதுவாக ஓடுகிறவருக்குத் திடீரென்று 170 காட்டினால், நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள், அதுவும் 170 இருக்கும். மார்பு ஸ்ட்ராப் அப்படியில்லை. அது ஈசிஜி போலவே இதயத்தின் மின்துடிப்பை வாங்குகிறது. வேலூர்க்காரருக்கு ஈசிஜி பற்றி நான் விளக்கத் தேவையில்லை. துடிப்பு எண்ணுவதில் ஸ்ட்ராப்தான் மேல். உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒத்துப்போவதால் வாட்சும் ஒழுங்காகவே எண்ணுகிறது என்று தெரிகிறது. நடை சரியாக எண்ணப்பட்டது, தண்ணீர்க் கணக்குதான் இடிக்கிறது.

அப்படியானால் துடிப்பை வைத்துக் கலோரி போடுவது முழுக்க வீணா? இல்லை. ஓட்டம், சைக்கிள் மாதிரி பெரிய தசைகள் நிதானமாக, ஒரே சீராக, நடுத்தர வேகத்தில் உழைக்கும்போது துடிப்பும் ஆக்சிஜனும் கைகோத்து ஏறும். ஒருவரை முகமூடி மாட்டி அளந்து, அவருக்கென்றே ஒரு கோடு வரைந்துவிட்டால் இன்னும் கச்சிதம். உட்கார்ந்திருக்கும்போதும், விட்டு விட்டு ஓடும் ஆட்டங்களிலும், பளு தூக்கும்போதும் அந்தக் கை நழுவிவிடும். மூச்சைப் பிடித்துப் பளுவைத் தூக்கினால் துடிப்பு எகிறும், ஆக்சிஜன் அவ்வளவு போகாது. கையால் செய்யும் வேலைக்கு அதே அளவு ஆக்சிஜனுக்குக் காலைவிடக் கூடுதல் துடிப்பு. காபி குடித்துவிட்டுப் போனால், அண்ணா சாலையில் பின்னாலேயே பஸ் ஹாரன் அடித்தால், வீட்டில் சண்டை போட்டுவிட்டு நடந்தால், எல்லாமே துடிப்பில் ஏறும், கலோரியாக மாறி வாட்சில் வரும்.

இதற்கு நேரெதிர் என் மைத்துனர். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரோலால் எடுக்கிறார். அது பீட்டா பிளாக்கர் வகை, துடிப்பைக் கட்டிப்போடும். ஒரு கிருத்திகைக்கு வள்ளிமலைப் படிகளை ஏறி இறங்கினார், சட்டை பிழிந்தால் வாளி நிரம்பும். வாட்சில் துடிப்பு 95-ஐத் தாண்டவில்லை. கலோரியைப் பார்த்தால் கோயில் வாசலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டவர் கணக்கு. நீங்கள் மாத்திரை ஏதும் எடுப்பதாகச் சொல்லவில்லை. எடுத்தால் துடிப்பை வைத்துச் சொல்லும் கலோரியை அடியோடு மறந்துவிடுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

டிரெட்மில்லுக்கும் ஒரு எச்சரிக்கை. கைப்பிடியில் சாய்ந்துகொண்டு நடந்தால் அது காட்டுவதில் பாதி பொய். எடையைக் கேட்காத மெஷின் என்றால் யாரோ ஒருவருடைய எடையைப் போட்டு உங்களுக்குச் சொல்கிறது.

சரி, நடந்ததற்கு 300 என்று வைத்தோம். அதிலும் ஒரு கழித்தல் இருக்கிறது. அந்த 50 நிமிடம் நீங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கிலோவுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கலோரி வீதம் 65 கலோரி எரிந்திருக்கும். இந்தியர்களுக்கு இது இன்னும் சற்றுக் குறைவு. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தன் ஊட்டச்சத்துப் பரிந்துரைகளில் வெளிநாட்டுச் சூத்திரத்தைவிடக் குறைத்தே கணக்கிட்டிருக்கிறது. ஆக, நடந்ததால் கூடுதலாக எரிந்தது 200 முதல் 235-க்குள். சில வாட்சுகள் மொத்தம் தனி, உழைத்தது தனி என்று இரண்டு எண் காட்டும். சாப்பாட்டுக் கணக்குக்கு இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் எழுதாமல் விட்டதையும் கேட்டுவிடுகிறேன். வாட்ச் 505 காட்டியது என்று அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் தாராளமாகச் சாப்பிடுகிறீர்களா? சூத்திரக் கணக்கில் மே மாதம் கூடிய 105 கலோரி என்பது ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்கூட இல்லை, அதில் 120 இருக்கிறது. ஆம்பூர் பிரியாணித் தட்டின் அடியில் நிற்பதே அதைத் தாண்டும். இல்லாத இந்த 105-ஐ நம்பித் தினமும் சாப்பிட்டால் மாதத்துக்கு 3,150 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்புக்கு 7,700 என்று கணக்கு. மாதம் 400 கிராம் ஏறும், நடந்துகொண்டே ஏறும்.

எனவே கலோரி எண்ணைப் பார்க்காதீர்கள், வாரத்தில் மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். வாரச் சராசரியை எழுதி வையுங்கள். நான்கு வாரத்தில் அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். முகமூடி இல்லாமல் வீட்டிலேயே கிடைக்கும் கலோரிமீட்டர் அதுதான்.

வாட்ச் அமைப்புகளுக்குள் போய் எடை எவ்வளவு என்று போட்டிருக்கிறது எனவும் பாருங்கள். வாங்கிய அன்று போட்ட எண்ணே அப்படியே கிடக்கும். அதிகபட்சத் துடிப்பு 220-இலிருந்து வயதைக் கழித்து 178 என்று போட்டிருக்கும். அது சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும்.

ஸ்ட்ராப்பைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். கலோரிக்குத்தான் அது உதவாது. மே மாதம் 116 காட்டியது பொய்யில்லை, உங்கள் இதயம் உண்மையிலேயே அவ்வளவு வேலை செய்தது. வேலூர் வெயிலில் அதைத் தெரிந்துகொள்வது கலோரியைவிட முக்கியம். அதே வேகத்தில் துடிப்பு வழக்கத்தைவிட மிகவும் ஏறினால் வேகத்தைக் குறையுங்கள், நிழலில் நில்லுங்கள், தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றினாலோ நெஞ்சு அடைத்தாலோ வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த ஜூன், ஜூலை மட்டும் காலை ஐந்தரைக்கு மாற்றிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

மார்பில் கட்டுவதற்கு முன் உள்பக்கப் பட்டையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பட்டை முதல் ஐந்து நிமிடம் கன்னாபின்னாவென்று காட்டும். நடந்து முடித்ததும் கழற்றி வெறும் தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள். இந்த ஊர் வியர்வையில் வெள்ளையாக உப்புப் பூத்துவிடும், ஒரே கோடையில் பட்டை போய்விடும். அடுத்த ஜனவரியில் இந்த ஸ்ட்ராப்பைக் கட்டிக்கொண்டு, அதே 5 கிலோமீட்டர், அதே 50 நிமிடம் நடந்துவிட்டு, 102 எவ்வளவு ஆகியிருக்கிறது என்று எழுதுங்கள்.